தருமபுரியில் கணவனும் மனைவியுமாகப் பெற்றோர் மாத இதழ் நடத்துவது பற்றி

கேள்வி
எழுதியவர்: பாலக்கோடு ஆசிரியை

வணக்கம். நான் பாலக்கோட்டில் ஒரு தனியார் மழலையர் பள்ளியில் ஆசிரியையாக இருந்து, இரண்டாவது குழந்தைக்குப் பிறகு வேலையை விட்டவள். என் கணவர் இங்கேயே டி.டி.பி. மையம் வைத்து, திருமண அழைப்பிதழ், பில் புத்தகம், கடைகளுக்கான துண்டறிக்கை ஆகியவற்றை வடிவமைத்துத் தருமபுரி ஆப்செட் அச்சகங்களில் அச்சிட்டுக் கொடுக்கிறார். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களில் வாழும் பெற்றோருக்காக மட்டும் ஒரு மாத இதழ் நடத்த வேண்டும் என்ற எண்ணம் எங்கள் இருவருக்கும் நெடுநாளாக இருந்து வருகிறது.

சென்னையிலிருந்து வரும் இதழ்களில் குழந்தை வளர்ப்புப் பக்கங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பென்னாகரத்தில் இருக்கும் ஒரு தாய், பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதமானால் யாரிடம் காட்டுவது, பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எந்தக் கிழமை போனால் குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு இருக்கும், கட்டட வேலைக்காகப் பெங்களூரு செல்லும் பெற்றோர் பிள்ளையை எந்த விடுதியில் நம்பிச் சேர்க்கலாம் என்பன போன்ற கேள்விகளுக்கு அவற்றில் விடை தேட முடியாது. அந்த விடைகளைத்தான் நாங்கள் எழுத நினைக்கிறோம். முப்பத்திரண்டு பக்கங்கள், வார இதழ் அளவு, அட்டை மட்டும் பல வண்ணம் என்பது எங்கள் கணக்கு. எழுத்தும் மெய்ப்பும் நான் பார்த்துக்கொள்வது, வடிவமைப்பும் அச்சும் விளம்பரமும் அவர் பார்த்துக்கொள்வது என்று பேசி வைத்திருக்கிறோம்.

இந்தப் பங்கீட்டில்தான் முதல் இதழ் வெளிவரும் முன்பே ஒரு சிக்கல் முளைத்துவிட்டது. பின் அட்டைக்கு விளம்பரம் தருவதாக ஒரு கடைக்காரர் முன்வந்தார். அவர் கொடுத்த படத்தில் பால்மாவு டப்பாவும் பால் புட்டியும் இருந்தன. அந்த ஒரு பக்கத் தொகையில் அட்டைக்கான செலவு முழுவதும் அடங்கிவிடும் என்பது என் கணவரின் வாதம். உள்ளே தாய்ப்பால் பற்றி நான்கு பக்கம் எழுதிவிட்டுப் பின் அட்டையில் புட்டியை அச்சிட்டால் படிப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது என் வாதம். இருவரும் ஒரே வீட்டில் இருப்பதால் அந்த வாதம் கடையில் முடியாமல் சாப்பாட்டு வேளை வரைக்கும் தொடர்ந்து வருகிறது.

இத்தகைய இதழைக் குடும்பமாக நடத்துபவர்கள் இங்கே இருந்தால், விலை வைப்பதா இலவசமாகக் கொடுப்பதா, யார் பெயரில் பதிவு செய்வது, ஒரு விளம்பரத்தை மறுக்கும் உரிமையைக் கணவன் மனைவி இருவரில் யாரிடம் விடுவது என்பது பற்றித் தங்கள் அனுபவத்தைக் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1
எழுதியவர்: ஓசூர் பதிப்பாளர்

சகோதரி அவர்களுக்கு வணக்கம். நானும் என் மனைவியும் ஓசூரில் பெற்றோருக்கான இலவச மாத இதழ் ஒன்றைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். பெயரை எழுதினால் இதுவே விளம்பரமாகிவிடும் என்பதால் தவிர்க்கிறேன்.

முதலில் விலை. ஓசூரில் நாங்கள் இலவசத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் இந்த ஊரின் அமைப்பு. சிப்காட் தொழிற்சாலைகளுக்காகத் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் ஒரு பக்கம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசி, வெளியில் தமிழும் பேசும் பழைய குடும்பங்கள் மறுபக்கம். தமிழ் பேசும் எல்லாரும் தமிழ் படிப்பார்கள் என்று இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. காசு கொடுத்து வாங்கும் வாசகர் கூட்டம் அதனால் சிறியது. ஆகவே பெற்றோர் காத்திருக்கும் இடங்களில் இதழை வைக்கிறோம். குழந்தை மருத்துவரின் முன்னறை, பெற்றோர் ஆசிரியர் கூட்டம் நடக்கும் நாளில் பள்ளி வாசல், கிளை நூலகம், தையல் கடை ஆகிய இடங்களில் ஒரு பிரதி பலர் கை மாறும். பெட்டிக்கடையில் தொங்கவிட்ட பிரதிகள் கயிறு பிரிக்காத கட்டாகவே திரும்பி வந்தன.

தங்கள் பகுதிக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது என்று கருதுகிறேன். பாலக்கோடு, காரிமங்கலம், தருமபுரி ஆகியவை ஒன்றுக்கொன்று அருகில் இருப்பதால் ஒருவர் இருசக்கர வண்டியில் ஒரே நாளில் போட்டுவிட்டு வரலாம். அரூரும் பென்னாகரமும் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன. தேன்கனிக்கோட்டையும் ஊத்தங்கரையும் சேர்த்தால் பிரதியைக் கொண்டு சேர்க்கும் செலவு பிரதியின் அச்சுச் செலவை எட்டிப் பிடித்துவிடும். இரண்டு மாவட்டம் என்ற ஆசையைச் சற்று ஒத்தி வைத்து, பாலக்கோட்டையும் தருமபுரி நகரையும் மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிகள் வழியாக ஆண்டுச் சந்தா சேர்க்க முடிந்தால் சிறிய விலை வைப்பதில் தவறில்லை.

அடுத்தது வேலைப் பங்கீடு. எழுத்து மனைவிக்கு, விளம்பரம் கணவருக்கு என்று எல்லாரும் முதலில் எழுதிக்கொள்ளும் பங்கீட்டைத்தான் நாங்களும் எழுதிக்கொண்டோம். நடைமுறையில் எங்கள் விளம்பரதாரர்களில் பெரும்பகுதியினர் மழலையர் பள்ளி, நடன வகுப்பு, குழந்தை உடைக்கடை, பிறந்தநாள் கேக் என்று தொழில் நடத்தும் பெண்கள். அவர்களில் பலர் கணவரோடு சேர்ந்தே கடை நடத்துகிறார்கள். கணக்கு மட்டும் அந்த அம்மாவின் கையில் இருக்கும். அவர்களிடம் நான் போய் நின்று பேசுவதைவிட, என் மனைவி போய் அவர்களின் பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்பதில் தொடங்கும் பேச்சு விரைவாக முடிவுக்கு வந்தது. இன்று வெளியில் போவது பெரும்பாலும் அவர்தான். நான் வடிவமைப்பையும் அச்சகத்தையும் பாக்கி வசூலையும் பார்த்துக்கொள்கிறேன். பாக்கி வசூல் என்பது இந்தத் தொழிலின் தனிப்பாடம்: அச்சகம் முன்பணம் கேட்கும், விளம்பரதாரர் இதழைக் கண்ணால் பார்த்த பிறகு, அதற்கும் அடுத்த மாதம் கொடுப்பார். இடைப்பட்ட இரண்டு மூன்று மாதச் செலவைத் தாங்கும் தொகை கையில் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

பள்ளிச் சேர்க்கை நடக்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும், ஆடித் தள்ளுபடியின்போதும், தீபாவளிக்கு முன்பும் பக்கங்கள் தாமாக நிறையும். தேர்வு மாதங்களில் ஆள் தேடிப் போக வேண்டியிருக்கும். அந்த மாதங்களில் டி.டி.பி. மையத்தின் கல்லாவிலிருந்து எடுத்து இதழுக்குப் போட்டால், இரண்டும் எப்படி நடக்கின்றன என்பது ஒருநாளும் தெரியாது. தனி வங்கிக் கணக்கு வைத்து, இருவருக்கும் மாதச் சம்பளம் என்று ஒரு தொகையை, அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், முதல் மாதத்திலிருந்தே எழுதி வாருங்கள். குடும்ப உழைப்புக்கு விலை போடாமல் கணக்குப் பார்த்தால் எல்லா இதழும் இலாபத்தில் நடப்பது போலவே தோன்றும்.

மாதக் கடைசியில் பக்கம் முடிக்கும் நெருக்கடியில், குழந்தை உணவைப் பற்றிய கட்டுரைக்கு நாங்கள் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்க எங்கள் மகள் பிஸ்கெட்டை இரவு உணவாகத் தின்றுகொண்டிருக்கும் காட்சி எங்கள் வீட்டுக்குப் புதிதன்று. அதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுக்கும் உரிமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அது மனைவியிடம் இருக்கிறது. கடைக்காரரிடம் நான் ‘ஆசிரியர் ஒப்பவில்லை’ என்று சொல்வேன். ‘ஆசிரியர் உங்கள் வீட்டம்மாதானே, கொஞ்சம் சொல்லிப் பாருங்கள்’ என்று சிரிப்பார்கள். ஆதலால் விளம்பரக் கட்டண அட்டையின் பின்பக்கத்திலேயே, எவற்றுக்கு விளம்பரம் ஏற்பதில்லை என்பதை அச்சிட்டுவிட்டோம். அச்சில் இருப்பதைக் காட்டினால் யாரும் உறவு முறை பேசுவதில்லை.

மறுமொழி 2
எழுதியவர்: கிருஷ்ணகிரி கணக்கர்

பதிவு, வரி ஆகியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

1867ஆம் ஆண்டின் பழைய அச்சகச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. அதற்குப் பதிலாக 2023ஆம் ஆண்டில் நிறைவேறிய பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மாவட்ட நிர்வாகத்தின் முன் நேரில் நின்று உறுதிமொழி கொடுத்துவிட்டுப் பிறகு தில்லிக்கு எழுதும் பழைய முறை நீங்கி, பெயருக்கும் பதிவுக்கும் சேர்த்து ‘பிரஸ் சேவா’ இணையதளத்தில் ஒரே விண்ணப்பம் செய்தால் போதும். தாங்கள் தேர்ந்தெடுக்கும் பெயரில் தமிழில் இந்தியாவின் எந்த மூலையிலும், பிற மொழியில் தமிழ்நாட்டுக்குள்ளும் ஏற்கெனவே ஒருவர் இதழ் வைத்திருக்கக் கூடாது. ஒத்த பெயரும் கூடாது. ‘மழலை’, ‘செல்லம்’ போன்ற ஒற்றைச் சொற்களை நம்பி அட்டை வடிவமைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். இலவச இதழுக்குப் பதிவு தேவையில்லை என்று சிலர் கூறுவார்கள். சட்டம் பருவ இதழுக்குத் தரும் வரையறையில் விலையைப் பற்றிய பேச்சே கிடையாது.

ஆசிரியர் என்பவர் வெளியிட வேண்டியதைத் தேர்ந்து முடிவு செய்யும் பொறுப்பாளர் என்பதே சட்டத்தின் பார்வை. இதழில் அச்சிடப்படும் பதிப்புக் குறிப்பில் உரிமையாளர், வெளியிடுபவர், அச்சிடுபவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர்கள் இருக்கும். தவறான ஒன்று அச்சேறினால் நோட்டீஸ் அந்தப் பெயர்களைத் தேடி வரும். எனவே தங்கள் பெயர் ஆசிரியர் என்று அச்சாகப் போகிறது என்றால், மறுக்கும் உரிமையும் தங்களிடம் இருப்பதே முறை. பெயர் ஒருவருடையது, முடிவு மற்றவருடையது என்ற ஏற்பாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தொழிலின் வடிவத்தைப் பொறுத்தவரை, மனைவி பெயரில் தனியுரிமைத் தொழிலாகத் தொடங்கி முதலீட்டைக் கணவர் அன்பளிப்பாகக் கொடுத்தால், அந்த முதலீட்டுக்கு உரிய இலாபம் வருமான வரிக்காகக் கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். இருவரும் கூட்டாளிகளாகப் பத்திரம் எழுதிக் கூட்டு நிறுவனமாக நடத்துவது தெளிவானது. 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி அந்த நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும், பதிவு செய்யாத நிறுவனம் ஒப்பந்தத்தின் பேரில் வெளியார்மீது வழக்குத் தொடர முடியாது. முன்பு எழுதியவர் குறிப்பிட்ட பாக்கி வசூலை எண்ணிப் பார்த்தால் இதன் முக்கியத்துவம் புரியும். குறு, சிறு தொழில்களுக்கான ‘உத்யம்’ பதிவையும் செய்துகொள்ளுங்கள். குறுந்தொழில்களுக்குத் தர வேண்டிய தொகையை ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

இதழ்ப் பிரதிக்குச் சரக்கு சேவை வரி கிடையாது. இதழில் விளம்பர இடத்தை விற்பதற்கு 5 விழுக்காடு உண்டு. சேவை செய்வோருக்கான 20 இலட்ச ரூபாய் வரம்பைத் தாண்டாதவரை பதிவு வேண்டியதில்லை. ஆனால் அந்த வரம்பைக் கணக்கிடும்போது வரியில்லாத பிரதி விற்பனையும் உடன் சேரும். கணவரின் டி.டி.பி. மையமும் இதழும் ஒரே பெயரில் இருந்தால் அந்த வரவும் சேரும். இரண்டையும் வேறு வேறு நிறுவனமாக வைப்பதற்கு இது இன்னொரு காரணம்.

மறுமொழி 3
எழுதியவர்: ஓய்வுபெற்ற செவிலியர், அரூர்

அம்மா, தங்கள் பின் அட்டையைப் பற்றிய வாதம் வீட்டில் முடிவு செய்ய வேண்டிய ஒன்றாக எனக்குத் தோன்றவில்லை. அதை அரசு ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பால்மாவுக்கும் குழந்தை உணவுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்வதையே 1992ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. 2003ஆம் ஆண்டில் அது மேலும் இறுக்கப்பட்டது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். தங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள். கடைக்காரரிடம் அவர் இதையே சொல்லட்டும். தாங்கள் மறுத்ததாகவோ அவர் கேட்டதாகவோ ஆகாது.

இந்த மாவட்டத்தில் இதழ் நடத்துபவர்கள் இன்னொன்றில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். பெண் சிசுக் கொலையின் பெயரால் வெளியூர்க்காரர்கள் நம்மை அறிந்திருந்த காலம் ஒன்று உண்டு. பெண் சிசுவைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்க வழிசெய்து 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தருமபுரிக்கும் விரிவுபடுத்த வேண்டியிருந்தது. வீட்டுக்குள் ஸ்கேன் கருவி வைத்துக் கருவின் பாலினம் சொல்லும் கும்பல்கள் இங்கே பிடிபட்ட செய்திகளை அண்மைக் காலம் வரை படித்திருப்பீர்கள். ஸ்கேன் மையத்தின் விளம்பரம் வந்தால், அதில் ஒரு சொல்லோ ஒரு படமோ ஆணா பெண்ணா என்று குறிப்பால்கூட உணர்த்தக் கூடாது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தகைய விளம்பரத்தை வெளியிட்டவருக்கும் மூன்று ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ‘ஆண் குழந்தை பிறக்க உணவு முறை’ என்று யாராவது கட்டுரை அனுப்பினால் அதையும் ஒதுக்கிவிடுங்கள். பிள்ளையை உயரமாக்கும் மருந்து, வலிப்பைத் தீர்க்கும் மருந்து, குழந்தைப்பேறு அளிக்கும் லேகியம் ஆகியவற்றின் விளம்பரங்களும் தங்களைத் தேடி வரும். 1954ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று அவற்றைத் தடை செய்வதை மறவாதீர்கள்.

இனி எதை எழுதலாம் என்பது. இங்கே கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் ஃப்ளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழி இல்லாதபோது ஒன்றரை வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால், நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் பருவத்தில் அந்த நீரைக் குடித்த பிள்ளைக்குப் பல்லில் வெண்புள்ளியும் பழுப்புக் கறையும் விழும். எவ்வளவு துலக்கினாலும் அது போகாது. பல் துலக்கவில்லை என்று பிள்ளையை அடிக்கும் தாய்மாரை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. ‘ஃப்ளோரோசிஸ் தணிப்பு’ என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. 2013இல் அது செயல்பாட்டுக்கு வந்த பிறகும், காவிரி நீர் வராத நாளில் பழைய குழாயடிக்குப் போகும் வீடுகள் உண்டு. எந்த நீரைக் குடிக்கலாம், எதைத் துவைக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம், நீரை எங்கே கொடுத்துச் சோதிப்பது என்று தாங்கள் ஊர் ஊராக எழுதினால், சென்னை இதழ் எதுவும் அதைச் செய்யப் போவதில்லை.

பெற்றோர் இதழ் என்று பெயர் வைத்தாலும் தங்கள் வாசகரில் பாட்டி தாத்தாக்கள் பலர் இருப்பார்கள். மகனும் மருமகளும் பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலையில் இருக்க, பிள்ளைகளை வளர்ப்பவர்கள் அவர்கள்தாம். எழுத்தைச் சற்றுப் பெரிதாக வையுங்கள். தடுப்பூசி அட்டவணையை ஒவ்வோர் இதழிலும் ஒரே பக்கத்தில் போடுங்கள். கேழ்வரகுக் கூழையும் சாமைச் சோற்றையும் பிள்ளைக்கு எந்த மாதத்திலிருந்து எப்படிக் குழைத்துக் கொடுப்பது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டு எழுதினால் தங்களுக்குக் கட்டுரைப் பஞ்சம் வராது. குழந்தைத் திருமணத்தைப் பற்றி மட்டும் அவர்களோடு சற்று வாதாட வேண்டியிருக்கும்.

மறுமொழி 4
எழுதியவர்: நல்லம்பள்ளிக்காரர்

எல்லாரும் எப்படி நடத்துவது என்றே எழுதுகிறார்கள். நடத்தத்தான் வேண்டுமா என்பதையும் ஒருவர் கேட்க வேண்டும். அச்சுக் காகிதத்தின் விலை நம் கையில் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இளம் தாய் கைப்பேசியைத்தான் எடுக்கிறாள். இந்த நிலையில் கணவன் மனைவி இருவரின் வருமானமும் ஒரே தொழிலில் மாட்டிக்கொண்டால், அது சரியும் மாதத்தில் வீட்டு வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வேறு வழி இராது. ஒருவர் சம்பள வேலையில் இருந்துகொண்டு மற்றவர் இதழ் நடத்தினால் நான் ஒப்புவேன். டி.டி.பி. மையத்தை எக்காரணத்தைக் கொண்டும் மூடிவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

மறுமொழி 5
எழுதியவர்: காவேரிப்பட்டணத்தான், தற்போது அமெரிக்காவில்

நல்லம்பள்ளி நண்பரின் அச்சம் நியாயமானது. அமெரிக்காவில் 1926 முதல் வெளிவந்த ‘பேரன்ட்ஸ்’ என்ற நாடு தழுவிய இதழே 2022இல் அச்சை நிறுத்திக்கொண்டது. இருந்தும், இங்கே ஊர் அளவிலான இலவசப் பெற்றோர் இதழ்கள் பலவற்றை இன்னும் நூலகத்து வாசலிலும் குழந்தை மருத்துவரின் முன்னறையிலும் பார்க்க முடிகிறது. அவற்றில் கணவனும் மனைவியுமாக நடத்துபவை கணிசம். ஒருவர் பதிப்பாளர், மற்றவர் ஆசிரியர் என்று முதல் பக்கத்தில் இருவர் பெயரும் ஒரே குடும்பப் பெயரோடு இருக்கும். தங்களுக்குள் சங்கம் வைத்து ஆண்டுதோறும் எழுத்துக்கும் வடிவமைப்புக்கும் பரிசுகூடக் கொடுத்துக்கொள்கிறார்கள்.

அவர்களின் வருமானம் பெரும்பாலும் கட்டுரைப் பக்கத்தை நம்பி இருப்பதில்லை. கோடை முகாம்களின் பட்டியல், பிறந்தநாள் விழா நடத்தும் இடங்களின் பட்டியல், பள்ளிகளின் பட்டியல் என்று ஆண்டுக்குச் சில சிறப்பிதழ்களை முன்கூட்டியே அறிவிப்பார்கள். பட்டியலில் ஒரு வரி இலவசம். பெட்டி கட்டிப் போட வேண்டுமானால் கட்டணம். பெற்றோர் அந்த இதழை மாதக்கணக்கில் வீட்டில் வைத்திருப்பதால் விளம்பரதாரரும் மனமுவந்து தருகிறார். தருமபுரிக்கு அதைப் பொருத்திப் பார்த்தால், விடுதிப் பள்ளிகளும் பயிற்சி மையங்களும் நிறைந்த மாவட்டம் என்பதால் சேர்க்கைக் காலச் சிறப்பிதழ் ஒன்றே மூன்று மாதத்தைத் தாங்கும். ‘நூறு விழுக்காடு தேர்ச்சி உறுதி’ என்பது போன்ற பயிற்சி மைய விளம்பரங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொரு வழக்கமும் பயன்படும். ஓர் எழுத்தாளர் தம் கட்டுரையை ஒன்றோடொன்று போட்டியில்லாத பல ஊர் இதழ்களுக்குக் குறைந்த தொகைக்குத் தருவார். ஓசூர்க்காரரின் இதழும் தங்கள் இதழும் இப்படிச் சில பக்கங்களைப் பகிர்ந்துகொள்ளலாமே. தடுப்பூசிக் கட்டுரையை இருவரும் தனித்தனியே எழுதி மருத்துவரிடம் தனித்தனியே சரிபார்க்க வேண்டியதில்லை.

இதழுக்காக ஒரு வீட்டில் இருவரும் உழைப்பது நமக்கும் புதிதன்று. 1941இல் சதாசிவமும் கல்கி கிருஷ்ணமூர்த்தியும் ‘கல்கி’ இதழைத் தொடங்கியபோது, அதற்குப் பணம் திரட்டுவதற்காகவே சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி திரைப்படத்தில் நாரதராக நடித்தார். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு குரல் இராது என்பது வேறு.

மறுமொழி 6
எழுதியவர்: பாலக்கோடு ஆசிரியை

எழுதிய அனைவருக்கும் நன்றி. அரூர் அம்மா எழுதியதை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். கடைக்காரரிடம் அவரே பேசிவிட்டு வந்தார்; பால்மாவுக்குப் பதிலாகக் கடையின் குழந்தை உடைகளை விளம்பரப்படுத்தலாம் என்று பேச்சு நடக்கிறது. ஆசிரியர் என்று என் பெயரும், வெளியிடுபவர் என்று அவர் பெயரும் போடுவதாக முடிவு செய்திருக்கிறோம். டி.டி.பி. மையம் அப்படியே தொடரும்.

சட்டம் தெளிவாகத் தடை செய்தவற்றில் இனி எங்களுக்குள் வாதம் வராது என்று நம்புகிறேன். சட்டம் தடை செய்யாத, ஆனால் எனக்குப் பிடிக்காத விளம்பரங்கள் இருக்கின்றன. மூன்று வயதுப் பிள்ளைக்கு மாலை நேரத் தனி வகுப்பு என்று ஒரு பள்ளி விளம்பரம் தருகிறது. அது குற்றம் அன்று. பணமும் தேவை. அதை மறுக்க என்னிடம் காட்டுவதற்கு எந்தச் சட்டமும் இல்லை. இத்தகையவற்றை ஓசூரில் எவ்வாறு கையாள்கிறீர்கள்?

மற்றொன்று, வாசகர் அனுப்பும் குழந்தைப் படங்களை அட்டையில் போடலாமா?

மறுமொழி 7
எழுதியவர்: ஓசூர் பதிப்பாளரின் மனைவி

சகோதரி, முன்பு எழுதியவர் என் கணவர். மறுக்கும் உரிமை முழுவதும் என்னிடம் இருப்பதாக அவர் எழுதியிருப்பது பாதி உண்மை. வெளியில் போய் விளம்பரம் வாங்குவது நான் என்பதால், கைக்கு வந்த பணத்தை விட மனமில்லாமல் நிற்பதும் நானாகவே இருக்கிறேன். ஒரு பயிற்சி மையத்தின் இரட்டைப் பக்க விளம்பரத்தை நான் வாங்கி வந்தபோது, அதில் பெயரும் மதிப்பெண்ணுமாகப் பிள்ளைகளின் படங்கள் வரிசையாக இருந்ததைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொன்னவர் அவர். எங்களிடம் இப்போதுள்ள ஏற்பாடு இதுதான்: விளம்பரத்தை வாங்கி வந்தவர் அதை ஏற்பதா இல்லையா என்று முடிவு செய்யக் கூடாது, மற்றவரே முடிவு செய்ய வேண்டும். முடிவு எதுவானாலும் அதை அலுவலக அறையில், பகலில் மட்டுமே பேசுகிறோம்.

தாங்கள் சொல்லும் மாலை வகுப்பு விளம்பரத்தை நான் இருந்தால் வாங்கிக்கொள்வேன். விளம்பரப் பக்கத்தின் மேல் ‘விளம்பரம்’ என்று தெளிவாக அச்சிட்டு, அதே இதழில் மூன்று வயதுக்கு விளையாட்டே கல்வி என்று மழலையர் பள்ளியில் பணியாற்றிய தாங்களே ஒரு கட்டுரை எழுதுங்கள். அடுத்த மாதம் அந்தப் பள்ளி விளம்பரம் தராமல் போகலாம். அதைத் தாங்குவதற்காகத்தான், எந்த ஒரு விளம்பரதாரரிடமிருந்தும் மொத்த வரவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்குவதில்லை என்று நாங்கள் வைத்திருக்கிறோம். பணத்துக்காக அவர்களை விடவே முடியாது என்ற நிலை வந்துவிட்டால், மறுக்கும் உரிமை யாரிடம் இருந்தும் பயனில்லை.

படங்களைப் பொறுத்தவரை, பெற்றோரின் எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் ஒரு படமும் போடாதீர்கள். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்றே கொண்டு, அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. பள்ளிப் பெயர், தெருப் பெயர் ஆகியவற்றைப் படத்தின் கீழ்ப் போட வேண்டாம். துன்பத்துக்கு உள்ளான பிள்ளையைப் பற்றி எழுத நேர்ந்தால், யாரென்று ஊகிக்கும் அளவுக்கு ஊர்ப் பெயர்கூட இருக்கக் கூடாது. போக்சோ சட்டமும் இளைஞர் நீதிச் சட்டமும் இதில் கண்டிப்பானவை.

கட்டுரைகளைப் பகிர்ந்துகொள்ளும் யோசனைக்கு நாங்கள் உடன்படுகிறோம். தடுப்பூசி அட்டவணைப் பக்கம் எங்களிடம் மருத்துவர் சரிபார்த்து ஆயத்தமாக இருக்கிறது. கோப்பாகவே அனுப்பி வைக்கிறேன். ஃப்ளோரைடு பற்றித் தாங்கள் எழுதுவதை எங்களுக்குத் தாருங்கள், தேன்கனிக்கோட்டைப் பக்கம் அதைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். முதல் இதழை ஏப்ரலில் கொண்டுவர எண்ணினால், பெயருக்கான விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிடுங்கள். சேர்க்கை விளம்பரங்களுக்குப் பள்ளிகள் பிப்ரவரியிலேயே தொகை ஒதுக்கிவிடுகின்றன.